குளிருக்கும் ஓர் அளவு உண்டு

காரைக்கால் என்றதும் தமிழ் மக்களின் நினைவுக்கு முதலில் வருவது ஒரு மாங்கனி. வணிகனாகிய பரமதத்தன் தனக்குக் கிடைத்த இரண்டு கனிகளை வீட்டுக்கு அனுப்பியதும், பசித்து வந்த அடியவருக்குப் புனிதவதியார் அவற்றுள் ஒன்றைப் படைத்ததும், கணவன் உண்ணும்போது இரண்டாவது கனியைக் கேட்டதும் பெரியபுராணம் படித்தோர் அறிந்த வரலாறு. அதன் பக்திச் சுவையை எடுத்துரைக்க நான் இன்று வரவில்லை. அந்த வரலாற்றில் ஓர் இல்லத்தின் உணவு ஒழுங்கும் தெரிகிறது. அதைத்தான் சுட்ட விரும்புகிறேன். வந்த கனி அன்றைக்கே இலைக்கு வந்துவிடுகிறது. மிஞ்சியதை நாளைக்கென்று வைத்துக்கொள்ளும் வழி அக்காலத்து வீடுகளில் மிகக் குறைவு. மீனென்றால் உப்பிட்டு உலர்த்துவார்கள். மாங்காயென்றால் ஊறுகாய் போடுவார்கள். சோறென்றால் நீர் ஊற்றி வைப்பார்கள். மற்றவை அன்றன்றே தீர்ந்தாக வேண்டும்.

இன்றோ நாம் காலத்தைச் சற்றே நிறுத்திவைக்கக் கற்றிருக்கிறோம். ஃபிரிட்ஜ் என்று வீடுகளில் வழங்கும் குளிர்ப்பெட்டி அந்த வேலையைச் செய்கிறது. காலையில் வாங்கிய பால், நேற்று அரைத்த மாவு, இரவு மிஞ்சிய மீன்குழம்பு, முதியவரின் இன்சுலின் மருந்து, இவை யாவும் ஒரே பெட்டிக்குள் வாழ்கின்றன. விளக்கையும் விசிறியையும் நிறுத்துகிறோம். இந்தப் பெட்டியை மட்டும் நிறுத்துவதில்லை. ஆண்டின் 8,760 மணி நேரமும் மின்சாரத்தோடு இணைந்து நிற்கும் சாதனம் பல வீடுகளில் இது ஒன்றுதான். இதற்குள் எவ்வளவு குளிர் வேண்டும், தேவைக்கு மேற்பட்ட குளிருக்கு நாம் என்ன விலை கொடுக்கிறோம் என்பதே இன்றைய பேச்சு. மாணவ நண்பர்கள் பாடப்புத்தகத்தில் படிக்கும் வெப்பவியல் தங்கள் வீட்டுச் சமையலறையிலேயே நாள்தோறும் நடக்கிறது என்பதை இதன்மூலம் காணலாம்.

குளிரை உண்டாக்கும் கலை நமக்குப் புதிதன்று. மண்பானை அதை அறியும். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. உள்ளே எஞ்சிய நீர் குளிர்கிறது. ஆனால் இந்தக் கலைக்கு உலர்ந்த காற்று வேண்டும். உள்நாட்டு ஊர்களில் கோடைக்காலப் பானைநீர் குளிர்வதைப்போலக் கடலோரமான காரைக்காலில் குளிர்வதில்லை. இங்கே காற்றில் ஏற்கனவே நீராவி நிறைந்திருப்பதால் ஆவியாதல் மந்தப்படுகிறது. காற்றின் ஈரம் என்னும் இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது மின்கணக்கிலும் வந்து நிற்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் குளிர் ஒரு கப்பற்சரக்காக நம் கரைக்கு வந்தது. அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறையும் ஏரிகளிலிருந்து பனிக்கட்டிகளை அறுத்தெடுத்து, மரத்தூளில் பொதிந்து, பிரெடரிக் டியூடர் என்னும் வணிகர் 1833 ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்கு அனுப்பினார். அவ்வகைப் பனிக்கட்டியைச் சேமிப்பதற்காகச் சென்னைக் கடற்கரையில் 1842 ஆம் ஆண்டில் எழுந்த கட்டிடமே ஐஸ் ஹவுஸ். 1897 ஆம் ஆண்டில் விவேகானந்தர் தங்கியதும் அதே கட்டிடத்தில்தான்; இன்று அது விவேகானந்தர் இல்லம். உலகின் மறுபுறத்திலிருந்து பனிக்கட்டியைச் சுமந்து வருவதைவிட, இருந்த இடத்திலேயே குளிரை உண்டாக்க இயலாதா என்று பொறியாளர்கள் எண்ணினார்கள். ஜேக்கப் பெர்க்கின்ஸ் 1834 ஆம் ஆண்டில் ஆவியை அமுக்கிக் குளிர் உண்டாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1859 ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பொறியாளர் பெர்டினான் கர்ரே அம்மோனியாவைக் கொண்டு குளிர் உண்டாக்கும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் 1958 ஆம் ஆண்டில் கோத்ரெஜ் நிறுவனம் குளிர்ப்பெட்டிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. செல்வர் வீட்டுப் பொருளாக வந்தது, சில பத்தாண்டுகளில் எளியவர் வீட்டிலும் இடம் பெற்றுவிட்டது.

இந்தப் பொறிகள் எல்லாவற்றுக்கும் அடிப்படையான உண்மையை 1824 ஆம் ஆண்டில் சாதி கார்னோ என்ற இளைஞர் ஒரு சிறு நூலில் எழுதினார். அவரும் பிரெஞ்சுக்காரர். அப்போது காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. ஆட்சி 1954 நவம்பர் முதல் நாளில் கைமாறியது. கார்னோ கண்ட விதியோ எந்த ஆட்சியிலும் மாறாதது. வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத் தானே பாயும். அந்தப் பாய்ச்சலிலிருந்து வேலையைப் பெறலாம். அதைத் திருப்பிப் பாயச்செய்ய வேண்டுமானால் நாம் வேலையைச் செலவிட வேண்டும். முதலாவது நீராவிப் பொறி, இரண்டாவது குளிர்ப்பெட்டி. குளிர்ப்பெட்டி உண்மையில் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது. பெட்டியின் பின்புறமோ பக்கவாட்டோ சூடாக இருப்பதை நீங்கள் தொட்டு உணர்ந்திருப்பீர்கள். பாலிலும் குழம்பிலும் இருந்த வெப்பம் அங்கேதான் வெளிவருகிறது. அதை வெளியேற்றச் செலவான மின்சாரமும் வெப்பமாகி அதனோடு சேர்கிறது.

அளவுக்கு மீறிய குளிர் ஏன் செலவை உயர்த்துகிறது? இதை விளக்க நம் பகுதி மக்களுக்குத் தெரிந்த ஒரு காட்சி போதும். ஒரு கிணற்றில் ஏற்றம் போட்டு நீர் இறைப்பதாகக் கொள்ளுங்கள். கிணற்று நீர்மட்டத்தை எப்போதும் தரைக்குப் பத்தடி கீழே வைத்திருக்க வேண்டும் என்பது வேலை. பக்கத்து மண்ணிலிருந்து ஊற்று கசிந்துகொண்டே இருக்கும். கசிந்ததை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இப்போது மட்டத்தைப் பத்தடிக்குப் பதிலாகப் பதினைந்தடி கீழே வைக்கச் சொன்னால் என்ன ஆகும்? இரண்டு தொல்லைகள் சேர்ந்து வரும். மட்டம் தாழ்ந்ததால் ஊற்று முன்னைவிட விரைவாகக் கசியும். ஆகவே இறைக்க வேண்டிய சால்களின் எண்ணிக்கை கூடும். ஒவ்வொரு சாலையும் அதிக உயரம் தூக்க வேண்டியிருப்பதால் ஒரு சாலுக்கு ஆகும் உழைப்பும் கூடும்.

குளிர்ப்பெட்டியிலும் இதுவே நிகழ்கிறது. வெளியிலுள்ள வெப்பம் சுவர்களின் வழியே உள்ளே கசிகிறது. எவ்வளவு கசிகிறது என்பது உள்ளும் புறமும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. சமையலறை 32 டிகிரி செல்சியஸ் என்றும், பெட்டியின் உட்புறம் 4 டிகிரி என்றும் கொண்டால் வேறுபாடு 28. திருகை முறுக்கி உட்புறத்தை 1 டிகிரிக்குக் கொண்டுசென்றால் வேறுபாடு 31. இந்த மூன்று டிகிரிக்காகக் கசியும் வெப்பம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. அதை இன்னும் தாழ்ந்த மட்டத்திலிருந்து தூக்கி வெளியேற்றும் உழைப்பு அதற்கு மேல். கம்பிரஸர் என்னும் அமுக்கி அதிக நேரம் ஓடுகிறது. பெட்டிக்குள் எந்தப் பயனும் கூடாமலே மின்மானி கூடுதலாகச் சுழல்கிறது.

இனி, எந்த அளவு சரியானது என்று பார்ப்போம். நேயர்களே, இங்கேதான் எச்சரிக்கையும் வேண்டியிருக்கிறது. மின்சாரத்தைச் சேமிப்பதே நோக்கமானால் பெட்டியை நிறுத்திவிடுவதைக் காட்டிலும் பெரிய சேமிப்பு இல்லை. ஆனால் பெட்டி இருப்பது உணவைக் காப்பதற்கு. நல்ல சூழலில் சில நுண்ணுயிர்கள் இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடியவை. அந்தக் கணக்கில் ஒன்று ஒரு மணி நேரத்தில் எட்டாகும். எட்டு மணி நேரத்தில் ஒன்றரைக் கோடியைக் கடந்துவிடும். குளிர் இந்த நுண்ணுயிர்களைக் கொல்வதில்லை. அவற்றின் பெருக்கத்தை மந்தப்படுத்துகிறது, அவ்வளவே. உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பான உணவுக்குக் கூறும் விதிகளில், விரைவில் கெடக்கூடிய உணவை 5 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும் என்பதும், சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது என்பதும் அடங்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட பகுதியே நுண்ணுயிர்களுக்கு உகந்த வயல்.

வயிற்றுநோயை நாம் எளிதாக எண்ணக்கூடாது. 2022 ஜூலையில் காரைக்காலில் வயிற்றுப்போக்கும் காலராவும் பரவிப் பொதுச் சுகாதார அவசரநிலையே அறிவிக்கப்பட்டதை இவ்வூரார் மறந்திருக்க மாட்டார்கள். அது குடிநீரைப் பற்றிய கவலை, குளிர்ப்பெட்டியைப் பற்றியதன்று. ஆயினும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் ஓர் ஊரையே படுக்கையில் வீழ்த்த வல்லவை என்பதை அது நமக்கு நினைவூட்டிற்று. ஆகவே சிக்கனத்தின் பெயரால் பெட்டியை வெதுவெதுப்பாக வைப்பது சிக்கனம் ஆகாது. ஒரு பிடி மீனைக் கெடவிட்டாலே அம்மாதம் சேமித்த மின்சாரத்தின் விலை போய்விடும். அதை உண்டு ஒருவர் மருத்துவமனைக்குச் சென்றால் சேமிப்பு என்ற சொல்லுக்கே பொருளில்லை.

எனவே மேல் எல்லை 5 டிகிரி. கீழ் எல்லை ஏது? நீர் உறையும் சுழியம் டிகிரியை நெருங்கினால் வேறு தீங்குகள் தொடங்குகின்றன. கீரை உறைந்து கறுக்கிறது. வெள்ளரிக்காய் நீர்விட்டுக் குழைகிறது. இவற்றைவிடப் பெரிய தீங்கு மருந்துக்கு. நீரிழிவு நோயாளர் பயன்படுத்தும் இன்சுலினைத் திறக்காத நிலையில் 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் இடையில் வைக்க வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்ட இன்சுலின் மீண்டும் உருகித் தெளிந்து தோன்றினாலும் பயன்படுத்தத் தக்கதன்று. எனக்குத் தெரிந்த ஒரு முதியவரின் வீட்டில் மருந்துக் குப்பி பனித்தட்டை ஒட்டியபடி வைக்கப்பட்டிருந்தது. திருகோ கோடைக்காலம் என்பதால் கடைசி எண்ணில் நின்றது. குப்பிக்குள் ஊசிபோன்ற பனித்துணுக்குகளைக் கண்ட பின்னரே அவ்வீட்டார் விழித்துக்கொண்டார்கள். மருந்து கெட்டது என்பதை அறியாமல் ஊசி போட்டுக்கொண்டிருந்தால், சர்க்கரை ஏறுவதற்குக் காரணம் தெரியாமல் அவர் எத்தனை நாள் தவித்திருப்பார்!

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றால் தடுப்பூசி மருந்துகளை வைக்கும் குளிர்ப்பெட்டியைப் பாருங்கள். அதற்குள் ஒரு வெப்பமானி இருக்கும். காலையிலும் மாலையிலும் அதன் அளவைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. அங்கும் எல்லை 2 முதல் 8 டிகிரிதான். சூடு ஏறினாலும் மருந்து கெடும்; சில தடுப்பூசிகள் உறைந்தாலும் கெடும். குழந்தைகளின் தடுப்பூசிக்கு நாள்தோறும் இருமுறை அளவு பார்க்கும் நாம், அதே குழந்தைகள் அருந்தும் பாலுக்கு ஒருமுறைகூட அளவு பார்ப்பதில்லை. நம் வீட்டுப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் வெப்பமானியே இல்லை.

வெப்பமானிக்குப் பதிலாக இருப்பது ஒரு திருகும் அதன்மீது சில எண்களும். இந்த எண்களைப் பற்றி ஒரு மயக்கம் பரவலாக இருக்கிறது. 5 என்ற எண் 5 டிகிரியைக் குறிக்கிறது என்று எண்ணுவோர் பலர். அப்படியன்று. பெரும்பாலான பெட்டிகளில் எண் பெரிதாகப் பெரிதாகக் குளிர் மிகும்; அந்த எண்ணுக்கும் டிகிரிக்கும் நேரான தொடர்பு இல்லை. அது தெர்மோஸ்டாட் என்னும் கட்டுப்பாட்டுக் கருவிக்கு நாம் இடும் கட்டளை மட்டுமே. குறித்த குளிர் வந்ததும் அந்தக் கருவி கம்பிரஸரை நிறுத்துகிறது. வெப்பம் ஏறியதும் மீண்டும் ஓட்டுகிறது. ஒரே எண்ணில் வைத்தாலும் சித்திரை வெயிலில் ஒரு வெப்பநிலையும் மார்கழிக் குளிரில் வேறொரு வெப்பநிலையும் உள்ளே நிலவலாம். சித்திரையில் உயர்த்திய திருகை மார்கழியிலும் அப்படியே விட்டுவைப்பது நம்மிடையே உள்ள வழக்கம். குடையை மழைக்குப் பின்னும் விரித்துக்கொண்டே நடப்பதற்கு ஒப்பானது அது.

சரியான அளவை அறிய எளிய வழி ஒன்று உண்டு. மாணவர்கள் இதை ஒரு செய்முறைப் பயிற்சியாகவே கொள்ளலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் நீர் எடுத்து, அதில் ஒரு சாதாரண வெப்பமானியை இட்டு, பெட்டியின் நடுத்தட்டில் இரவு முழுவதும் வையுங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. அது அவ்வளவு தாழ்ந்த நிலையைக் காட்டாது. பள்ளி ஆய்வகத்தில் உள்ளதுபோன்ற வெப்பமானி வேண்டும். காற்றை அளக்காமல் நீரை அளப்பது ஏன் என்று கேட்கலாம். கதவைத் திறந்த கணமே காற்றின் வெப்பநிலை மாறிவிடும். நீர் அவ்வளவு விரைவில் மாறாது. உணவின் நிலையை அறிய நீரே நல்ல சாட்சி. காலையில் முதன்முறையாகக் கதவைத் திறக்கும்போது அளவைப் பாருங்கள். 3 முதல் 5 டிகிரிக்குள் இருந்தால் திருகைத் தொடவேண்டாம். 3 டிகிரிக்குக் கீழே இருந்தால் ஓர் எண் குறையுங்கள். 5 டிகிரிக்கு மேலே இருந்தால் ஓர் எண் கூட்டுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு முழுநாள் பொறுத்துப் பிறகே மீண்டும் அளக்க வேண்டும். பனிக்கட்டி உறையும் மேலறைக்கு வேறு கணக்கு. மீனையும் இறைச்சியையும் நெடுநாள் வைப்பதற்கு அங்கே சுழியத்துக்குக் கீழே 18 டிகிரி வேண்டும் என்பர்.

திருகைச் சரிசெய்ததோடு வேலை முடிந்துவிடாது. கடற்காற்றின் ஈரம் என்று முன்பு சொன்னேன். அதற்கு இப்போது வருகிறேன். ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் குளிர்ந்த காற்று கீழே வழிந்து வெளியேற, அவ்விடத்தை வெளிக்காற்று நிரப்புகிறது. காரைக்காலின் காற்றில் நீராவி மிகுதி. அந்த ஆவி உள்ளே நீராகிப் பிறகு பனியாக உறைகிறது. ஒரு கிராம் ஆவி பனியாவதற்குள் ஏறத்தாழ 2,800 ஜூல் வெப்பத்தை விட்டுச்செல்கிறது. ஒரு கிராம் நீரை 32 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்குக் குளிரவைக்க வெளியேற்ற வேண்டிய வெப்பமோ 120 ஜூலுக்கும் குறைவு. எனவே ஈரக்காற்று, அளவில் சிறிதாயினும், பெரிய சுமை. குழம்பையும் மோரையும் மூடாமல் வைத்தாலும் இதே சுமை உள்ளிருந்தே உண்டாகிறது. படிந்த பனியோ கம்பளிபோல வெப்பத்தைத் தடுத்து, குளிர் உணவைச் சேரவிடாமல் செய்கிறது. பனி தானாகவே கரையும் ஏற்பாடு இல்லாத பெட்டிகளில், அது அரை விரற்கடை கனத்துக்கு வளருமுன் கரைத்துவிட வேண்டும். அதைக் கத்தியால் சுரண்டுவது பெட்டிக்கே கேடு.

கதவின் ஓரத்திலுள்ள ரப்பர் பட்டை நன்றாகப் பற்றுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு தாளைக் கதவிடையில் வைத்து மூடி இழுங்கள். எதிர்ப்பின்றி வந்துவிட்டால் அவ்விடத்தில் குளிர் ஒழுகுகிறது. பெட்டியை அடுப்பை ஒட்டியோ வெயில் படும் சன்னலோரத்திலோ வைக்கக்கூடாது. பின்சுவரோடு நெருக்கி வைத்தால் வெளியேற்றிய வெப்பம் அங்கேயே தேங்கும். கொதிக்கும் பாத்திரத்தை நேரே உள்ளே வைக்கலாகாது; ஆறட்டும் என்று இரவு முழுவதும் வெளியே விடுவதும் ஆகாது. அகன்ற தட்டிலோ சிறு பாத்திரங்களிலோ பகிர்ந்து விரைவாக ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைப்பதே முறை. வாழைப்பழத்துக்கும் தக்காளிக்கும் அந்தக் குளிர் வேண்டியதே இல்லை. வாழைப்பழம் அங்கே கறுத்துப்போகும்.

சிலர் இரவில் பெட்டியை அணைத்துவிட்டுக் காலையில் மீண்டும் போடுகிறார்கள். இரவெல்லாம் ஓடுவது வீண் என்பது அவர்கள் எண்ணம். நான் முன்பு சொன்ன கிணற்றை நினைத்துப் பாருங்கள். இறைப்பதை நிறுத்தினால் ஊற்று நிற்பதில்லை. மட்டம் ஏறிக்கொண்டே வருகிறது. காலையில் ஏறியதை எல்லாம் இறைத்தாக வேண்டும். இதில் சிறிது மின்சாரம் மிஞ்சினால், அது உணவை ஆபத்து எல்லைக்கு மேலே ஏறவிட்டதற்குக் கிடைத்த கூலியே ஆகும். மின்சாரம் தானாக நின்றுபோகும்போதும் இந்த அறிவு உதவும். 2018 நவம்பர் 16 ஆம் நாள் கஜா புயல் கரையைக் கடந்தபின் இந்தக் கடலோரத்தில் பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய வேளையில், கதவைத் திறக்காமல் வைத்தால் பெட்டி ஏறத்தாழ நான்கு மணி நேரம் குளிரைக் காக்கும். அதற்கு மேல் மின்சாரம் வராவிட்டால் பால், மீன், சமைத்த உணவு ஆகியவற்றை நம்பக்கூடாது.

இப்போது கணக்குக்கு வருவோம். குளிர்ப்பெட்டியின்மீது நட்சத்திரங்கள் இட்ட ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். 2001 ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்படி அமைந்த எரிசக்தித் திறன் பணியகம் 2006 ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டம் அது. ஓராண்டுக்கு எத்தனை யூனிட் செலவாகும் என்பதும் அதில் அச்சிடப்பட்டிருக்கும். ஒரு வீட்டுப் பெட்டி ஆண்டுக்கு 250 யூனிட் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். அளவுக்கு மீறிய மூன்று டிகிரியை விட்டுக்கொடுத்தால் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 யூனிட் மிஞ்சும். மின்கட்டணம் அடுக்கு முறையில் இருப்பதால், மிஞ்சுவது விலை மிகுந்த மேலடுக்கிலிருந்துதான் குறையும். ஆயினும் இது பெரிய தொகையன்று என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டுக்கு இது சில்லறைக் காசு.

ஆனால் ஊரைப் பாருங்கள். 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி காரைக்கால் மாவட்டத்தின் மக்கள்தொகை இரண்டு லட்சத்தைச் சற்றே கடந்திருந்தது. இங்குள்ள வீடுகளில் 30,000 வீடுகள் தலைக்கு 25 யூனிட் சேமிப்பதாகக் கொண்டால் மொத்தம் ஏழரை லட்சம் யூனிட் ஆகிறது. இது எவ்வளவு என்று புரிய நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. திருமலைராயன்பட்டினத்தில் புதுச்சேரி மின்கழகம் நிறுவி, 2000 ஆம் ஆண்டில் மின்னுற்பத்தியைத் தொடங்கிய எரிவாயு மின்நிலையம் இருக்கிறது. அதன் திறன் 32.5 மெகாவாட், முழுத்திறனுடன் ஒரு மணி நேரம் ஓடினால் 32,500 யூனிட். ஏழரை லட்சம் யூனிட்டை உண்டாக்க அது ஏறத்தாழ 23 மணி நேரம், அதாவது ஒரு பகலும் ஓர் இரவும், முழு மூச்சுடன் ஓட வேண்டும். நரிமணம் பகுதியின் நிலத்தடியிலிருந்து எடுக்கும் எரிவாயு அதற்கு உணவு. நாம் திருகை ஓர் எண் திருப்பினால், மண்ணுக்குள் பல கோடி ஆண்டுகளாக உறங்கிய அந்த வாயுவில் ஒருநாள் பங்கு மண்ணுக்குள்ளேயே இருக்கும்.

அந்த மின்நிலையத்தையும் நம் குளிர்ப்பெட்டியையும் ஒரே கம்பியின் இரு முனைகள் என்று கருதலாம். அங்கே வெப்பம் வேலையாகிறது. இங்கே வேலை வெப்பத்தைத் தூக்கி எறிகிறது. இரு முனையிலும் கார்னோவின் விதியே ஆள்கிறது. அந்த நிலையம், எரிவாயுச் சுழலியிலிருந்து வெளிவரும் சூடான புகையைக் கொண்டு நீராவி உண்டாக்கி, அதனால் இரண்டாவது சுழலியையும் ஓட்டும் வகையைச் சேர்ந்தது. அப்படி இருந்தும் எரித்த வெப்பத்தில் பாதிக்கு மேல் மின்சாரமாகாமலே காற்றோடு கலந்துவிடுகிறது. எனவே வீட்டில் ஒரு யூனிட் சேமித்தால் அங்கே இரண்டு யூனிட்டுக்கு மேற்பட்ட வெப்பத்தைச் சேமித்தவர்களாகிறோம். நுகரும் முனையில் செய்யும் சிக்கனத்துக்கு இந்த மதிப்பு உண்டு.

அறைகளைக் குளிர்விக்கும் ஏர்கண்டிஷனர்களுக்கு 24 டிகிரியே தொடக்க அளவாக இருக்க வேண்டும் என்று 2020 ஆம் ஆண்டு முதல் அரசு விதித்திருக்கிறது. மனிதருக்கு ஒன்றிரண்டு டிகிரி கூடினாலும் விசிறி போட்டுச் சமாளிக்கலாம். ஆதலால் அங்கே தாராளமாக விட்டுக்கொடுக்க இடமுண்டு. பாலும் மீனும் மருந்தும் அவ்வாறு விட்டுக்கொடுப்பதில்லை. குளிர்ப்பெட்டியில் நமக்குள்ள இடம் மிகக் குறுகியது: கீழே 3, மேலே 5. இந்தக் குறுகிய இடைவெளியில் நிற்பதற்கு ஊகம் போதாது. அளந்துதான் நிற்க முடியும்.

ஆகவே மாணவ நண்பர்களே, இந்த வாரம் உங்கள் வீட்டில் ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். ஏழு நாள் பெட்டியின் உள்வெப்பத்தை எழுதுங்கள். பக்கத்தில் மின்மானியின் அளவையும் எழுதுங்கள். தேவையானால் திருகை ஓர் எண் மாற்றி அடுத்த ஏழு நாளும் எழுதுங்கள். வேறு சாதனங்களின் செலவும் கலந்திருப்பதால் மின்மானி உடனே தெளிவான விடை தராமற்போகலாம். அந்தக் கலப்பை எப்படிப் பிரித்தறிவது என்று ஆசிரியரோடு ஆராய்வதும் ஒரு நல்ல பாடமே. வெப்பமானி காட்டும் எண்ணை உங்கள் அன்னையாரிடமும் பாட்டியாரிடமும் காட்டுங்கள். எந்தத் தட்டில் எது கெடுகிறது, எது உறைகிறது என்பது அவர்களுக்குப் பல ஆண்டுப் பழக்கத்தால் தெரிந்திருக்கும். அந்தப் பழக்கமும் உங்கள் எண்ணும் சேரும்போது, உணவும் கெடாது, மருந்தும் உறையாது, மின்சாரமும் வீணாகாது.